அழகான வரைபடம், மோசமான ஆண்டெனா: மூன்று பட்டை வைஃபை பெட்டி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

சிங்கப்பூர் உபி தொழிற்பேட்டையில் எங்கள் ஆய்வு மேசை மேல், ஆண்டெனாவுக்கு அனுப்பிய சக்தியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் நெட்வொர்க் அனலைசருக்குப் பக்கத்தில் ஒரு காலி பால் டின் இருக்கிறது. கீழே காப்பிக்கடையில் தே தாரேக் என்னும் ஆற்றிய பால் தேநீருக்கு ஊற்றுகிற இனிப்புப் பால் டின்தான். லேபிளைக்கூட முழுசாக உரிக்கவில்லை. பார்க்க வருகிறவர்கள் பேனா போட்டு வைக்கும் டப்பா என்று நினைத்துக்கொள்வார்கள். இந்த வேலையில் எங்களை ஏமாற்றாத கருவி எது என்று கேட்டால், நான் அந்த டின்னைத்தான் காட்டுவேன்.

வேலை இதுதான். வாடிக்கையாளர் ஒருவர் வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடி வீடுகளுக்கென்று ஒரு மெஷ் பெட்டி கேட்டார்; ரூட்டரின் வைஃபையை வாங்கி மற்ற அறைகளுக்கும் பரப்பும் பெட்டி. மூன்று முள் பிளக்கோடு நேராகச் சுவரில் செருக வேண்டும், உள்ளங்கையில் அடங்க வேண்டும், வெளியே கொம்பு எதுவும் நீட்டக் கூடாது. உள்ளே இருக்கும் போர்டு 60 மில்லிமீட்டர் நீளம், 40 மில்லிமீட்டர் அகலம். அதில் இரண்டு ஆண்டெனா. ஒவ்வொன்றும் 2.4, 5, 6 கிகாஹெர்ட்ஸ் மூன்றிலும் வேலை செய்ய வேண்டும்.

ஏன் மூன்று? 2.4 பட்டை, 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரை. பழைய பட்டை, நெரிசல் பட்டை; ஒரு புளோக்கில் நின்று தேடினால் அக்கம்பக்கத்து வீட்டுப் பெயர்கள் திரை கொள்ளாமல் வரும். 5 பட்டை, 5150-இல் தொடங்கி நடுவில் ஒரு சின்ன இடைவெளி விட்டு 5850 வரை போகிறது. 2023-இல் ஐஎம்டிஏ என்று நாம் சொல்லும் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம், 5925 முதல் 6425 வரை 500 மெகாஹெர்ட்ஸை வைஃபைக்குத் திறந்துவிடுவதாக அறிவித்தது. அமெரிக்காவில் 7125 வரை கொடுத்திருக்கிறார்கள். நமக்கு அந்த மேல்பாதி தேவையில்லை என்பது ஆண்டெனா செய்கிறவனுக்கு ஒரு நிம்மதி.

ஆக, மேலே 5150-இலிருந்து 6425 வரை ஒரே விரிப்பாக வேண்டும். மைய அதிர்வெண்ணில் அது 22 சதவீதம். கீழே 2.4-க்கு வெறும் மூன்றரை சதவீதம். கணக்கைப் பார்த்ததும் மேல்பட்டைதான் எங்களைப் படுத்தப்போகிறது என்று முடிவு கட்டினோம். படுத்தியது கீழ்ப்பட்டை.

முதல் வடிவம்

2.45 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 122 மில்லிமீட்டர். அதில் கால்பங்கு, அதாவது 30 மில்லிமீட்டர் செப்புக் கம்பி ஒன்று இயல்பாக ஒத்ததிரும். 5.5-இல் அதே கால்பங்கு பதின்மூன்றரை மில்லிமீட்டர்தான். போர்டு செய்கிற எஃப்ஆர்4 என்னும் கண்ணாடியிழைப் பொருள் மேலே ஓடினால் இரண்டும் இன்னும் கொஞ்சம் சுருங்கும். 40 மில்லிமீட்டர் விளிம்பில் 30 மில்லிமீட்டர் கம்பி தாராளமாக உட்காரும் என்று தோன்றும். ஆனால் அந்த விளிம்பில் ரீசெட் பொத்தானும் இரண்டு விளக்கும் ஏற்கெனவே இடம் பிடித்துவிட்டன. ஆண்டெனாவுக்கென்று மிஞ்சியது 18-க்கு 4 மில்லிமீட்டர் மூலை.

அதற்குள் அடக்க, பாம்பு மாதிரி வளைத்து வளைத்து வரைந்தோம். கோட்டின் அகலம் 0.3 மில்லிமீட்டர், இடைவெளியும் 0.3. கணினி சிமுலேஷனில் நன்றாக வந்தது. போர்டு கைக்கு வந்து அளந்தபோது இன்னும் நன்றாக வந்தது: அனலைசர் வரைபடத்தில் 2.44-இல் ஓர் ஆழமான பள்ளம், ரிட்டர்ன் லாஸ் கழித்தல் 21 டெசிபெல். அனுப்பிய சக்தியில் நூற்றில் ஒரு பங்குகூடத் திரும்பி வரவில்லை என்று அர்த்தம். பட்டை அகலம் 260 மெகாஹெர்ட்ஸ், தேவையைப் போல மூன்று மடங்கு. எல்லாரும் கை குலுக்கிக்கொண்டோம். வரைபடத்தை அச்செடுத்து ஒட்டாததுதான் பாக்கி.

அந்த 260-ஐப் பார்த்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ரேடியோ பொறியாளர் ஹரால்ட் வீலர் 1947-இலும், அமெரிக்காவின் எம்ஐடி கல்விக்கழகத்தில் இருந்த சூ 1948-இலும் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்கள்: ஆண்டெனாவின் உருவம் அலைநீளத்தைவிடச் சிறுக்கச் சிறுக்க அதன் பட்டை அகலமும் கட்டாயம் குறுகும். அதை மீறி விரிந்த பட்டை கிடைத்தால் இரண்டில் ஒன்று. இயற்பியலை ஏமாற்றிவிட்டோம், அல்லது எங்கோ வெப்பமாகப் போகிறது.

பெட்டியை ஈசூனில் அம்மா வீட்டில் செருகிப் பார்த்தேன். நாலறை வீடு. வரவேற்பறையில் முதன்மை ரூட்டர், நடைபாதையில் எங்கள் பெட்டி. அடுத்த அறையில் கதவைச் சாத்தினால் கைபேசியில் காணொளி சுற்றிச் சுற்றி நின்றது. கடையில் வாங்கிய ஒரு மலிவுப் பெட்டி, அதே இடத்தில், சும்மா ஓடியது. "நீ செஞ்சதுக்கு இதுவே தேவலாம் போலிருக்கேடா" என்றார் அம்மா. அவர் எந்தச் சோதனைக்கூடத்திலும் வேலை பார்த்ததில்லை.

பால் டின்

இங்கே ஒரு விஷயத்தை விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தத் துறைக்குப் புதிதாக வருகிற பலரும் இதில்தான் சறுக்குகிறார்கள், நானும் சறுக்கினேன். ரிட்டர்ன் லாஸ் என்பது "சக்தி திரும்பி வரவில்லை" என்று மட்டும்தான் சொல்கிறது. போனது காற்றிலா, போர்டைச் சூடாக்கியா என்று அதற்குத் தெரியாது. அனலைசர் எதிர்பார்க்கிற அளவான ஐம்பது ஓமில் ஒரு ரெசிஸ்டரை அதில் மாட்டினால் எந்த ஆண்டெனாவையும் மிஞ்சிய வரைபடம் வரும். ரெசிஸ்டரை வைத்து யாரும் வைஃபை ஓட்ட முடியாது.

போனது எங்கே என்று சரியாக அளக்க, அலைகளைச் சுவரே விழுங்கிவிடும் எதிரொலியற்ற அறை வேண்டும். அதற்கு வாடகை கொடுத்து நேரம் வாங்குவதற்குள், எங்கள் சால்டரிங் அண்ணன் வீலரின் இன்னொரு யோசனையை ஞாபகப்படுத்தினார். அவருக்கு வீலர் பெயர் தெரியாது. "ஆண்டெனாவை டப்பாவால் மூடிப் பார்ப்பாங்களே, அது" என்றார். வீலர் 1959-இல் எழுதியது அதுதான். சிறிய ஆண்டெனாவை உலோகக் கூட்டால் மூடினால் அதனால் வெளியே அலை வீச முடியாது. கூட்டுச் சுவர் ஆண்டெனாவிலிருந்து அலைநீளத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு தள்ளி இருந்தால் போதும், 2.45-க்கு அது சுமார் 20 மில்லிமீட்டர். நல்ல ஆண்டெனாவாக இருந்தால், மூடியதும் சக்தி போக வழியில்லாமல் அனலைசருக்கே திரும்பும். வரைபடத்தில் பள்ளம் தூர்ந்துவிடும். மூடிய பிறகும் பள்ளம் அப்படியே இருந்தால், அந்தச் சக்தி முதலிலிருந்தே வெளியே போகவில்லை.

முதலில் பேன்ட்ரியில் கிடந்த மைலோ டின்னை எடுத்தோம். போர்டு வசதியாக உள்ளே நின்றது, ஆனால் வரைபடம் கண்டபடி குதித்தது. விசாரித்ததில் குற்றவாளி டின்தான். உருளை டப்பா தானே ஒரு ஒத்ததிர்வு அறை. 10 சென்டிமீட்டர் விட்டம், 12 சென்டிமீட்டர் உயரம் என்றால் அதன் முதல் இரண்டு ஒத்ததிர்வும் 2.2, 2.3 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் விழும். நாம் அளக்க வந்த இடத்துக்கே வந்து உட்கார்ந்துகொள்கிறது. அண்ணன் கீழே போய்த் தே ஓ என்னும் பால் இல்லாத தேநீர் வாங்கிக்கொண்டு, கையோடு ஒரு காலி பால் டின்னும் கொண்டுவந்தார். விட்டம் ஏழரை சென்டிமீட்டர், உயரம் எட்டு. கணக்குப் போட்டால் வெற்று டின்னின் முதல் ஒத்ததிர்வு 3 கிகாஹெர்ட்ஸ். 2.45-க்குத் தாராளம். போர்டைச் செங்குத்தாக நிறுத்தி, அடியில் ஓட்டை போட்டு, கேபிளின் வெளியுறையை டின்னோடு சால்டர் செய்து, வாயைக் காப்பர் டேப்பால் ஒட்டி மூடினோம்.

கழித்தல் 21 இருந்த பள்ளம் கழித்தல் 13-இல் நின்றது. கூட்டுக்குள்ளும் பெரும்பாலான சக்தி எங்கேயோ காணாமல் போகிறது. அந்த எண்ணிலிருந்து, வெப்பமாகப் போவதைக் குறிக்கும் இழப்பு எதிர்ப்பைக் கணக்கிட்டால் சுமார் 32 ஓம்; மொத்தம் 50-இல் 32. காற்றில் போவது மீதி 18, அதாவது ஆண்டெனாவின் திறன் 36 சதவீதம். பால் டின் அளவீடு நுட்பமானதல்ல, ஐந்தாறு சதவீதம் இப்படி அப்படி இருக்கும். ஆனால் 36-க்கும் 70-க்கும் இடையே உள்ள வித்தியாசத்தைக் காட்ட அதுவே யதேஷ்டம்.

காரணம் பிறகு புரிந்தது. பாம்பு வளைவில் அடுத்தடுத்த கோடுகளில் மின்னோட்டம் எதிரெதிராக ஓடும். ஒன்றின் வீச்சை மற்றது அழித்துவிடும். 0.3 மில்லிமீட்டர் இடுக்குகளில் மின்புலம் செறிந்து கிடந்தது, அதுவும் எஃப்ஆர்4-க்குள். அந்தப் பொருளின் இழப்பு எண் 0.02, மின்சார அடுப்புக்குச் சொந்தக்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். போதாக்குறைக்கு, ஆண்டெனாவை ஐம்பது ஓமுக்கு இணங்கவைக்க நாங்கள் வைத்த பொருத்தச் சுற்றின் குட்டி இண்டக்டர்களும் (கம்பிச் சுருள்கள்) தங்கள் பங்கைத் தின்றன. இழப்பு கூடியதால் பட்டை விரிந்தது. நாங்கள் கை குலுக்கியது அந்த இழப்புக்காகத்தான்.

நாலு மில்லிமீட்டர்

தீர்வு எல்லாருக்கும் தெரிந்ததுதான்: கோட்டை நிமிர்த்த வேண்டும், கிரவுண்டு என்னும் போர்டின் செப்புப் பரப்பிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். 40 மில்லிமீட்டர் விளிம்பு முழுவதும், 8 மில்லிமீட்டர் உயரத்துக்குச் செப்பே இல்லாத வெற்றிடம் கேட்டேன். பெட்டி வடிவமைப்பைப் பார்க்கும் மூத்தவர் வரைபடத்தை என் பக்கம் திருப்பினார்.

"நாலு மில்லிமீட்டர் கூட வேணும்னு சொல்றே. அதுக்கு நான் பிளாஸ்டிக் வார்க்கிற அச்சையே மாத்தணும் தம்பி."

"அண்ணே, பொத்தானையும் விளக்கையும் பக்கவாட்டுக்குக் கொண்டுபோனா அச்சில மூணு ஓட்டைதான் மாறும்."

"உன் வரைபடம்தான் கழித்தல் இருபத்தொண்ணு காட்டுச்சே?"

அவரை மேசைக்குக் கூட்டிவந்து டின்னைப் போட்டு, எடுத்து, மறுபடி போட்டுக் காட்டினேன். இரண்டாவது முறை அவரே டின்னைப் பிடித்து மூடினார். அன்று மாலையே பொத்தான் இடம் மாறியது. ஒரு வாரம் மின்னஞ்சல் அனுப்பியிருந்தாலும் இது நடந்திருக்காது.

இரண்டாவது வடிவம் தலைகீழ் எஃப். 1950-களின் இறுதியில் ஹார்வர்டில் ரோனால்ட் கிங்கின் குழு ஏவுகணைகளுக்காக யோசித்த வடிவம். இன்று கைபேசி தொடங்கிப் பல்பு வரை எல்லாவற்றிலும் இருக்கிறது. இரண்டு பல் மட்டும் மிஞ்சிய சீப்பைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முதுகு ஒலிபரப்பும் கை. ஒரு பல் கிரவுண்டில் ஊன்றியிருக்கும், மற்றது சிக்னல் வரும் பாதை. இரண்டு பல்லுக்கும் இடையே உள்ள தூரத்தைக் கூட்டிக் குறைத்தே ஐம்பது ஓமுக்குக் கொண்டுவந்துவிடலாம், தனியே பொருத்தச் சுற்று வேண்டாம். 2.4-க்கு நீளமான கை ஒரு பக்கம், சுமார் 24 மில்லிமீட்டர். 5-க்குக் குட்டைக் கை மறுபக்கம், 10 மில்லிமீட்டர். 6-க்கு என்று சிக்னலோடு சேராத ஒரு செப்புத் துண்டைக் கிரவுண்டிலிருந்து எழுப்பி, குட்டைக் கையின் நுனிக்கு அரை மில்லிமீட்டர் தள்ளி நிறுத்தினோம். தொடாமலே அது அதிர்ந்தது. ஒன்று 5.3-இலும் இன்னொன்று 6.1-இலும் இறங்க, இரண்டு பள்ளமும் கைகோத்து முழு மேல்பட்டையையும் மூடின. நடுவில் 5.7 பக்கம் ஒரு மேடு கழித்தல் எட்டரை வரை ஏறியது. 14 சதவீதம் திரும்பி வருகிறது. அதைத் தட்டிச் சமமாக்க ஒரு நாள் செலவழித்தோம். பிறகு விட்டுவிட்டோம். கைபேசிகளில் கழித்தல் ஆறையே ஒப்புக்கொள்கிறார்கள்.

டின்னுக்குள் 2.4-இன் பள்ளம் இந்த முறை கழித்தல் ஐந்துக்குத் தூர்ந்தது. திறன் 70 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். வெளியே பட்டை அகலம் 130 மெகாஹெர்ட்ஸ். பழையதில் பாதி, காற்றில் போகும் சக்தி இரண்டு மடங்கு.

ஆண்டெனா எது வரை?

பயிற்சிக்கு வந்திருந்த பாலிடெக்னிக் மாணவி ஒருநாள் அளந்துகொண்டிருந்தபோது கூப்பிட்டாள். "சார், நான் கேபிளைப் பிடிச்சா 2.44-இல இருந்தது 2.38-க்குப் போகுது. விட்டா திரும்பி வருது." பிடித்துக் காட்டினாள். விட்டுக் காட்டினாள். ஆண்டெனாவிலிருந்து ஒரு சாண் தள்ளித்தான் அவள் கை இருந்தது.

இந்த அளவு ஆண்டெனாவில் செப்புக் கை பாதி வேலைதான் செய்கிறது. மீதியைப் போர்டின் கிரவுண்டு செய்கிறது. 60 மில்லிமீட்டர் நீளம் 2.45-க்குக் கிட்டத்தட்ட அரை அலைநீளம். அது சும்மா இருக்காது. அந்தக் கிரவுண்டோடு சேர்த்துக் கட்டிய அளவீட்டுக் கேபிளின் வெளியுறையும் நைசாக ஆண்டெனாவாகிவிடுகிறது. நாம் அளந்தது பெட்டியை அல்ல, பெட்டியும் கேபிளும் அந்தப் பெண்ணின் கையும் சேர்ந்த ஒன்றை. கேபிளைப் போர்டின் நீளப் பக்கத்து நடுவிலிருந்து வெளியே எடுத்து, வெளியுறையில் மின்னோட்டம் ஓடாமல் தடுக்க அதற்கு மேல் 30 மில்லிமீட்டர் செப்புக் குழாய் ஒன்றைக் காலலைநீள உறையாகப் போட்டு, ஒரு முனையை மட்டும் சால்டர் செய்தோம். அப்புறம் அவள் பிடித்தாலும் கோடு அசையவில்லை. அவளுடைய பயிற்சி அறிக்கையில் மிக நல்ல பக்கம் இதுதான்.

ஏபிஎஸ் பிளாஸ்டிக் மூடியைப் போட்டதும் ஒத்ததிர்வு எதிர்பார்த்தபடியே கீழே இறங்கியது: 2.45-இலிருந்து 2.36. அண்ணன் சிறு கத்தியை எடுத்து, கையின் நுனியில் செப்பை மயிரிழை மயிரிழையாகச் சீவினார். ஒவ்வொரு சீவலுக்கும் மூடியைப் போட்டுத் திரையைப் பார்ப்பார். கோடு வலப்பக்கம் ஒரு கட்டம் நகரும். ஒரு மில்லிமீட்டர் போனதும் மூடியோடு 2.44-இல் நின்றது. மூடி இல்லாமல் பார்த்தால் அந்த ஆண்டெனா இப்போது தப்பு. அதனால்தான் மூடி முடிவாகும் முன் ஆண்டெனாவை முடிக்கக் கூடாது.

அந்தப் பாடத்தையும் முழுசாகக் கற்கவில்லை. உற்பத்திக்கு முந்திய மாதிரிகள் வந்தபோது மூடி வெள்ளியாக மின்னியது. நிறத்தை மாற்றியதை யாரும் எங்களிடம் சொல்லவில்லை. நிறம்தானே என்று நினைத்திருக்கிறார்கள். 2.4-இல் வீச்சு கண்ணெதிரே விழுந்தது. பெயின்ட்டில் உலோகப் பொடி இருக்குமோ என்று சந்தேகம். மைக்ரோவேவ் அடுப்பும் 2.45 கிகாஹெர்ட்ஸ்தானே. வெள்ளை மூடி ஒன்று, வெள்ளி மூடி ஒன்று, தனித்தனியே, பக்கத்தில் ஒரு கோப்பைத் தண்ணீர் வைத்து அரை நிமிடம். வெள்ளை மூடி வைத்த மாதிரியே வந்தது. வெள்ளி மூடியில் கை வைக்க முடியவில்லை. பேன்ட்ரியில் மதியச் சாப்பாட்டைச் சுடவைக்க வந்த கணக்குப் பிரிவு அக்கா அன்று எங்களைப் பேசியதை எழுத முடியாது. சரி, நாற்றம் இரண்டு நாள் போகவில்லைதான். மூடி மறுபடி வெள்ளையானது.

இரண்டு ஆண்டெனாவின் விலகலை, அதாவது ஒன்றின் சக்தி மற்றதுக்குள் எவ்வளவு புகாமல் இருக்கிறது என்பதை, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: ஒன்றுக்கொன்று இணையாக வைத்தபோது 2.4-இல் 8 டெசிபெல்தான் பிரிந்திருந்தன. ஒன்றை நீளப் பக்கத்துக்குத் திருப்பிச் செங்குத்தாக வைத்தோம். 15 வந்தது. போதும்.

ஆண்டெனாவின் ஈட்டத்தை, அதாவது அலையை ஒரு பக்கமாகக் குவிக்கும் அளவைக் கூட்டி தூரத்தை வாங்கலாமே என்று வாடிக்கையாளர் பக்கம் கேட்டார்கள். 2.4-இல் இங்கே அனுமதிக்கும் வீச்சு 200 மில்லிவாட், அதுவும் ஆண்டெனாவின் ஈட்டத்தையும் சேர்த்து. ஒரு பக்கம் குவித்தால் அனுப்பும் சக்தியைக் குறைக்க வேண்டும். சுவரில் எந்தப் பக்கம் செருகுவார்கள் என்று தெரியாத பெட்டிக்குக் குவிப்பு எதற்கு?

மறுபடி ஈசூன்

இறுதி மாதிரியோடு அம்மா வீட்டுக்குப் போனேன். அதே பிளக், அதே கதவு. சாத்திய அறையில் காணொளி நிற்காமல் ஓடியது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, சேனலை மாற்றினார்.

சமையலறைதான் தகராறு. நடைபாதைக்கும் சமையலறைக்கும் நடுவே குண்டுத் தடுப்பு அறை. 1990-களின் பிற்பகுதியிலிருந்து கட்டிய வீவக வீடுகளில் இருக்கும் கனத்த கான்கிரீட் அறை, எஃகுக் கதவு. எங்கள் வீட்டில் அது அரிசி மூட்டைக்கும் பழைய மின்விசிறிக்கும் கோலமாவு டப்பாக்களுக்கும் அடைக்கலம். கம்பி பின்னிய அந்தச் சுவரை 2.4 எப்படியோ சுற்றி வந்துவிடுகிறது. 6 வருவதில்லை. எந்த ஆண்டெனாவாலும் அதை மாற்ற முடியாது. அங்கே தானாக 2.4-க்கு இறங்கட்டும் என்று மென்பொருளில் விட்டுவிட்டோம்.

"அந்த ரூம் கதவைத் திறந்து வச்சா வருமாடா?" என்று அம்மா கேட்டார். கதவைத் திறந்தால் சுவர் எங்கேம்மா போகும் என்று சிரித்துக்கொண்டே திறந்தேன். எஃகுக் கதவு நடைபாதைப் பக்கமாகப் பாதி திறந்து, சாய்வாக நின்றது. சமையலறையில் 6 கிகாஹெர்ட்ஸ் நாலு டெசிபெல் ஏறியது. கதவு கண்ணாடி மாதிரி அலையைத் திருப்பி விட்டிருக்கிறது. இன்னும் கொஞ்சம் திறந்தேன், போய்விட்டது. அரிசி மூட்டையை முட்டுக் கொடுத்து அந்தக் கோணத்திலேயே நிறுத்தச் சொன்னார் அம்மா. வாடிக்கையாளருக்கு அனுப்பிய அறிக்கையில் இதை எழுதவில்லை.